தேதித் தாளின் பின்பக்கம்

பகவதிக்கு,

ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே கடையில் நின்று, மழை நாளில் ஒரே குடையில் வீடு திரும்புகிற மகளுக்கு அப்பன் எதற்குக் கடிதம் எழுத வேண்டும் என்று நீ நினைப்பாய். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார். இந்தப் பதினெட்டு வருஷத்தில் கடையில் வைத்து உன்னிடம் ஒரு விஷயத்தையாவது முழுசாகச் சொல்லி முடித்திருக்கிறேனா? இரண்டாவது வாக்கியத்துக்குள் யாராவது வந்து நூறு கிராம் கடுகு கேட்பார்கள். நான் தராசைப் பிடிப்பேன், நீ காகிதத்தைச் சுருட்டுவாய், பேச்சு அங்கேயே நின்றுவிடும். வீட்டில் பேசலாம் என்றால், வீட்டுக்கு வரும்போது எனக்கு வாய் இருக்காது. கால் மட்டும்தான் இருக்கும், அதுவும் வலிக்கும். அதனால் இந்த வியாழக்கிழமை மத்தியானம் ஷட்டரை முழுதாகக் கீழே இறக்கிவிட்டு, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதாக என்று சொன்னதைக் கவனி. சட்டப்படி கடையை மூட வேண்டிய இந்த வார விடுமுறை வேளையில்கூட ஷட்டரை ஒரு முழம் தூக்கி வைத்து, குனிந்து வருகிறவர்களுக்குக் காப்பித்தூள் கட்டிக் கொடுக்கிற ஆள் நான். இதுவரை இரண்டு பேர் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கை பரபரத்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

மெட்ராஸ் வங்கியிலிருந்து உனக்கு வந்திருக்கும் வேலை உத்தரவை உன் அம்மா என்னிடம் காட்டிவிட்டாள். அவளைத் திட்டாதே. மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்ததே அவளுக்குப் பெரிய விஷயம். துர்கா பூஜைக்கு முன்னால் நீ பதில் எழுத வேண்டுமாம். இதை ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று அவள் கேட்டதற்கு நீ சொன்னதையும் அப்படியே சொன்னாள். "அப்பாட்ட சொல்லி என்னம்மா ஆவப் போவுது? காலையில கடையத் தொறக்க ஆளு இல்லியேன்னுதான் அவங்களுக்கு வருத்தம் வரும்." இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற அப்பனைப் பற்றி இப்படியா பேசுவது என்று அம்மாவிடம் சத்தம் போட்டேன். சத்தம் போட்டுவிட்டுப் படுத்தபோது என் மனதில் முதலில் வந்த கேள்வி, நீ போனால் காலையில் கடையை யார் திறப்பார்கள் என்பதுதான். நீ சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. அதை ஒத்துக்கொள்ள எனக்கு இன்னும் இரண்டு நாளும், ஒரு பிஸ்கட் டப்பாவும் தேவைப்பட்டன.

டப்பாவுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் உன் அப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உன்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்து, காளிகாட் பெரிய ரோட்டில் இந்த மளிகைக் கடையைப் போட்டபோது உனக்கு ஆறு வயது. புழுங்கலரிசி, உளுந்து, புளி, அப்பளம், வறுத்து அரைத்த காப்பித்தூள். இவ்வளவுதான் சரக்கு. வருகிறவர்கள் ஆபீஸிலும் ரயில்வேயிலும் வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர்கள். எனக்கு உதவிக்கு நிமாய், நீ அண்ணன் முறை வைத்து நிமாய்தா என்று கூப்பிடுகிற அதே நிமாய். அன்றைக்கு ஐந்து மணிக்குக் கடையைத் திறக்க ஆரம்பித்தவன், ஊரே கதவடைத்த பந்த் நாட்களில்கூடப் பாதி ஷட்டராவது தூக்கினேன். முழங்கால் மட்டும் தண்ணீர் நின்ற மழையிலும் தூக்கினேன். 'அண்ணாச்சி கடை மூடி நான் பார்த்ததே இல்லை' என்று யாராவது சொன்னால் எனக்கு அன்று முழுக்க வேறு சாப்பாடு வேண்டாம். வியாபாரம் என்றால் அதுதான் என்று நினைத்தேன். இன்றைய நாளை ஒழுங்காக முடி, நாளைக்கு மறுபடி திற.

காலையில் திறந்ததும் என் முதல் வேலை, ஊரிலிருந்து வருஷா வருஷம் வரவழைக்கிற தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துக் கசக்கி எறிவது. அந்தத் தாளை நீ பொறுக்கத் தொடங்கியது உன் பன்னிரண்டாவது வயதில். பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் நிற்பாய். முன்பக்கம் தேதி, ராகுகாலம், நல்ல நேரம். பின்பக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் நீ பென்சிலால் மூன்று வரி எழுதுவாய்: கேட்டவர் யார், கேட்டது என்ன, நாம் சொன்ன பதில். பதில் எல்லாத் தாளிலும் ஒன்றுதான், 'இல்லை'. நாம் விற்ற சாமானை நீ எழுதவே மாட்டாய், இல்லை என்று திருப்பி அனுப்பியதை மட்டும் எழுதுவாய். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "இருக்கிறத வாங்கினவங்க நாளைக்கும் வருவாங்கப்பா. இல்லன்னு போனவங்க எங்க போறாங்கன்னு நமக்குத் தெரியாதுல்லா" என்றாய். நான் நிமாயைப் பார்த்துச் சிரித்தேன். "எம்மவ தனியா ஒரு கடை வச்சிருக்கா வே. இல்லாத சாமான் கடை" என்றேன். அந்தப் பட்டப்பெயர் உனக்கு எத்தனை வருஷம் ஒட்டியிருந்தது என்று உனக்குத் தெரியும். நீயும் அழவில்லை, நிறுத்தவும் இல்லை. அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மாவிடம் கேட்டால் என்னைக் காட்டுவாள். நான் அவளைக் காட்டுவேன்.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். அந்த நாட்களிலேயே ஒரு ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மா வந்து, "அண்ணாச்சி, அரைச்ச மாவு கிடைக்குமா?" என்று கேட்டாள். "அடுத்தாப்ல மென்னும் குடுக்கச் சொல்லுவீக போல" என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கிப் போய்விட்டது. நீ சிரிக்கவில்லை, எழுதினாய். எழுதிவிட்டு என்னிடம் சொன்னாய்: "நம்ம வீட்டுல அம்மா ஆட்டுக்கல்லு உருட்டினா கீழ் வீட்டு மாசிமா கம்பால தட்டுவாங்கல்லா? அவங்க வீட்டுலயும் தட்டுவாங்கப்பா." அது நிஜம்தான். மாசிமா என்று நாம் கூப்பிடுகிற அந்த வங்காளி அம்மாள் நல்ல மனுஷி, ஆனால் தன் கூரை மேல் கல் உருளுவதை அவளால் தாங்க முடியாது. இந்த ஊரில் மாடி வீட்டில் குடியிருக்கிற எல்லாத் தமிழ்ப் பெண்களுக்கும் அதே தொல்லை இருக்கும் என்பது பன்னிரண்டு வயதில் உனக்குத் தோன்றியது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு, சிரிக்கத்தான் தோன்றியது.

அப்புறம் ரோட்டைத் தோண்டினார்கள். மெட்ரோவுக்காக நம் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் வந்த அந்தப் பள்ளம் இத்தனை வருஷம் கிடக்கும் என்று யார் நினைத்தார்கள்? நான் செய்ததெல்லாம் பலகை போட்டதுதான். காலையில் இரண்டு பலகை போட்டு, வழுக்காமலிருக்கச் சாக்கு விரித்து, மேலே மணல் தூவுவேன். சாயந்தரம் மழை வந்து எல்லாவற்றையும் சேறாக்கும். மறுநாள் மறுபடி போடுவேன். வேலை செய்கிற ஆட்களிடம் மண்ணைத் தள்ளிக் கொட்டச் சொல்லிச் சண்டை, அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம். கூட்டம் குறையக் குறைய இன்னும் அதிகமாகப் பாடுபட்டேன். பலகை இரண்டு மூன்றாயிற்று, ஐந்து மணி நாலரையாயிற்று. வீட்டில் அம்மா என் உள்ளங்கையில் குத்திய சிராய்களை ஊசியால் எடுப்பாள். ஒரு நாள்கூட மூடவில்லையே என்று அப்போதும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். யாரும் வராத கடையைத் திறந்து வைத்திருப்பதில் என்ன பெருமை என்று நீ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த நாகரிகம் உனக்கு இருந்தது.

அதற்குப் பதிலாக நீ உன் தாள்களை எடுத்துக்கொண்டாய். காலேஜில் பி.காம் சேர்ந்திருந்த நேரம். இரண்டு மாத வியாழக்கிழமை மத்தியானங்களில், தாளில் பேர் இருந்த வீடுகளுக்கெல்லாம் நிமாயோடு போய்க் கதவைத் தட்டினாய். திரும்பி வந்து என் முன்னால் நின்று, "ஆளு எங்கயும் போவலப்பா. பலகைக்குத்தான் பயப்படுதாங்க. பள்ளத்த மூட நம்மால முடியாது, நாம அந்தப் பக்கம் போவலாம்லா?" என்றாய். எதிர்ப்பக்கத்து மருந்துக் கடையின் ஓரத்தில் ஒரு மேஜை மட்டும் போட வேண்டும், காலையில் சாமான் சீட்டு வாங்கி மத்தியானத்துக்குள் நிமாய் சைக்கிளில் வீட்டில் கொண்டு கொடுக்க வேண்டும் என்பது உன் யோசனை. நான் குதித்தேன். "கடைன்னா ஆளு வரணும். ஆளத் தேடிப் போறதுக்குப் பேரு கடையாட்டி?" என்றேன். நிமாய் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "மாமோனி டீக் பொல்சே, தாதா" என்று, உன்னைக் கூப்பிடுகிற செல்லப் பேரைச் சொல்லியே உன் பக்கம் பேசினார். என் சம்பளத்தில் இருந்துகொண்டு அவள் சொல்வது சரி என்கிறாரே என்று அவர் மேலும் கோபம். ஆனால் நீ போட்டே தீர்த்த அந்த மேஜைதான் நம்மைக் காப்பாற்றியது. அதை இதுவரை என் வாயால் சொன்னதில்லை, இப்போது எழுதியே கொடுக்கிறேன்.

என்னுடைய பெரிய தப்பு பொங்கலுக்கு முந்தின நாள் நடந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் அன்றுதான் கடையில் கூட்டம். வெல்லம், பச்சரிசி, மஞ்சள் கொத்து என்று பத்துக் கை ஒரே நேரத்தில் நீண்டுகொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பலகை தாண்டி ஒரு மனிதர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சாந்த்ராகாச்சியிலிருந்து வருகிறேன், ஒரு விஷயம் பேச வேண்டும் என்றார். "செத்த இருங்க" என்றேன். அவர் முக்கால் மணி நேரம் இருந்தார். இடையில் மூன்று தடவை எழுந்து என்னைப் பார்த்தார். மூன்று தடவையும் நான் வெல்லத்தைத்தான் பார்த்தேன். அவர் எழுந்து போனதுகூட எனக்குத் தெரியாது. நீ பாதி கட்டிய பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டுப் பலகை மேல் ஓடினாய். திரும்பி வந்ததும் எல்லார் முன்னிலையிலும் உன்னைத் திட்டினேன். "ஆளுங்க நிக்காங்க, நீ எங்கட்டி வேடிக்கை பார்க்கப் போன?" என்றேன். நீ தாளில் மூன்று வரி எழுதி இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி பொட்டலம் கட்டினாய். கேட்டவர், சாந்த்ராகாச்சி ரயில்வே கேன்டீன் பார்த்துக்கொள்கிற பெரியவர். கேட்டது, தினமும் நான்கு கேன் அரைத்த மாவு. பதில் எழுத வேண்டிய இடத்தில் நீ வாழ்க்கையில் முதல் தடவையாக 'இல்லை' என்று எழுதவில்லை. காலியாக விட்டிருந்தாய். அதை நான் இந்த வாரம்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் நீயே பஸ் பிடித்து ஹௌரா போய், அங்கிருந்து லோக்கல் ரயிலில் சாந்த்ராகாச்சி போய் அவரைப் பார்த்தாய். மாவு அரைக்கும் மெஷினைக் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்தாய். "மாவு விக்கவா நான் கல்கத்தா வந்தேன்?" என்று நான் இரண்டு வாரம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மெஷின் வந்தும் கரண்ட் இருக்காதே, லோட் ஷெட்டிங்கில் என்ன செய்வாய் பார்க்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு அற்ப ஆசைகூட இருந்தது. நீ அதற்கும் தாள் வைத்திருந்தாய். நம் தெருவில் கரண்ட் எப்போது போகிறது, எப்போது வருகிறது என்று மூன்று மாதம் குறித்து வைத்திருந்தாய். "கரண்ட்டு போறதுக்கும் ஒரு வழக்கம் இருக்குப்பா" என்று சொல்லி, அது இருக்கிற நேரமாகப் பார்த்து அரைப்பை வைத்துக்கொண்டாய். இந்த ஊரில் எல்லாரும் கரண்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், நானும்தான். நீ ஒருத்திதான் உட்கார்ந்து அதைக் கவனித்தாய். அன்றைக்கு ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கண் கலங்கியதை நிமாய் பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.

உன்னைப் புகழ்ந்துகொண்டே போனால் நீயே நம்பமாட்டாய், அதனால் இதையும் சொல்கிறேன். சித்திரை வெயிலில் உன் மாவு பொங்கியதே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நீ அடுத்த கேன்டீன், அதற்கடுத்த கேன்டீன் என்று பெரிய பெரிய யோசனையில் இருந்தாய். கேன் மூடியைப் பற்றி யோசிக்கவில்லை. ரயில் போகிற வழியில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த காய்கறிக்காரரின் கத்தரிக்காய்க் கூடையை முழுக்க அபிஷேகம் செய்துவிட்டது. நிமாய் வாங்கிக் கட்டிக்கொண்டு, தலையில் மாவோடு திரும்பி வந்தார். அன்று நான் உளுந்தை ஐஸ் தண்ணீரில் அரைத்து, உப்பைப் போடாமல் தனியாகக் கட்டிக் கொடுத்து, கேனில் நாலு விரல் இடம் விட்டு நிரப்பி, சுற்றி ஈரச் சாக்கு கட்டி அனுப்பினேன். அன்று முதல் வழியவில்லை. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய் பார், அதற்காக இன்னும் நூறு கேன் கட்டலாம் என்றிருந்தது. தினப்பாடு என்று நான் சொல்வது அதைத்தான். ஐந்து மணிக்குக் கதவு திறக்க வேண்டும், தராசு சரியாக நிற்க வேண்டும், மாவுக்கு நாலு விரல் இடம் விட வேண்டும். இது இல்லாமல் ஐந்து வருஷத்துக்கு அப்புறம் என்ன என்று யோசித்துப் பிரயோஜனம் கிடையாது. அதை மட்டுமே செய்துகொண்டிருந்தாலும் என்னைப்போல் பள்ளத்தின் ஓரத்தில் பலகை போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதுவரை நான் சொன்ன தப்பெல்லாம் சின்னது. பெரிய தப்பு என்று பொங்கல் கதையைச் சொன்னேனே, அதைவிடப் பெரியதை வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன். நீ கெட்டிக்காரி என்று தெரிந்ததும் நான் என்ன செய்தேன்? உன்னைத் தூக்கி என் இடத்தில் நிறுத்தினேன். என் முழங்கால் வலியைச் சொல்லிக் காலையில் திறக்கிற வேலையை உனக்குக் கொடுத்தேன். அப்புறம் காப்பி வறுப்பதை. அப்புறம் அரைப்பது, கேன் நிரப்புவது, சீட்டு வாங்குவது. நிமாய்க்குக் காய்ச்சல் வந்தால் சைக்கிள்கூட நீதான். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறாள் என் மகள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தேன். அப்படிப் பூரித்தே உன் நாளை முழுக்கத் தின்றுவிட்டேன். நீ தாள் எழுதுவதை நிறுத்தியதைக்கூடக் கவனிக்கவில்லை. கடையை நீ திறந்தாலும் தினமும் தாளைக் கிழித்துக் கசக்கி எறிந்தது நான்தானே, அதை யாரும் பொறுக்காமல் தரையிலேயே கிடந்ததை நான் பார்த்திருக்க வேண்டாமா?

இனி டப்பா. செவ்வாய்க்கிழமை நீ சாந்த்ராகாச்சி போயிருந்தபோது பழைய சல்லடையைத் தேடி காப்பி மெஷினுக்கு அடியில் கை விட்டேன். பிஸ்கட் டப்பா ஒன்று தட்டுப்பட்டது. உள்ளே வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டிய தாள்கள். பத்து வருஷம். ஒரு ஓரமாக உட்கார்ந்து முதல் முறையாக எல்லாவற்றையும் படித்தேன். டைப்பிஸ்ட் அம்மா இருந்தாள். சாந்த்ராகாச்சிப் பெரியவர் இருந்தார். இடியாப்ப மாவு கேட்ட ஒரு வங்காளி வாத்தியார், தன் வீட்டுக் கல்யாணத்துக்கு நம் ஊர்ச் சமையல்காரர் கிடைப்பாரா என்று கேட்டவர், மாவு இங்கேயே கிடைத்தால் தன் ஹோட்டலில் தோசை போடுவேன் என்று சொன்ன ஒருவர். நாளைக்கு இந்தக் கடை எப்படி இருக்க வேண்டும் என்று ஊரே வந்து பத்து வருஷமாக நம்மிடம் சொல்லியிருக்கிறது. நான் ஒவ்வொருவருக்கும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீ ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டது போல எழுதி வைத்திருக்கிறாய். எனக்கு அப்போது வந்த உணர்ச்சிக்குப் பெருமை என்று பேர் வைத்தால் குறைவு. இவள் என் மகள் என்பதைவிட, இவள் கடையில் நான் இத்தனை வருஷம் நின்றிருக்கிறேன் என்றுதான் தோன்றியது.

கடைசிக் கட்டின் கடைசித் தாள் இரண்டு வருஷத்துக்கு முந்தியது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அதையும் திருப்பிப் பார்த்தேன். உன் கையெழுத்தில் அதே மூன்று வரி. கேட்டவர்: நான். கேட்டது: அப்பாவிடம் கால் மணி நேரம். பதில்: இல்லை.

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வரவே இல்லை, பகவதி. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நீ என்ன கேட்க வந்தாய், நான் என்ன சொல்லி அனுப்பினேன், அப்போது யாருக்குக் கடுகு போட்டுக்கொண்டிருந்தேன் என்று ஒன்றும் தெரியவில்லை. உன் மனதில் அது இருக்கும். எனக்கு அது இன்னொரு சாதாரண நாள். அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. நிமாய் வந்து, "கீ ஹோலோ தாதா, என்ன ஆச்சு?" என்று கேட்டார். தாளைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான் படித்துச் சொன்னேன். அவர் தாளை வாங்கி டப்பாவில் வைத்தார். "மாமோனிக்குக் குடுக்க என்கிட்ட நெறைய டைம் இருந்துச்சு தாதா. ஆனா அவளுக்கு வேண்டியது உங்க டைம்தானே" என்றார். பிறகு ஷட்டரைக் கீழே இறக்கியவர் அவர்தான். அன்றைக்குச் சாயந்தரம் சீக்கிரமே மூடியிருந்ததைப் பார்த்து நீ கேட்டபோது, மெஷின் கோளாறு என்று பொய் சொன்னேன். மெஷினில் ஒன்றும் இல்லை.

இப்போது நம் பக்கத்திலும் மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டது. பள்ளத்தை மூடி, ரோடு போட்டு, பலகை போட்ட தடமே தெரியாமல் ஆகிவிட்டது. இனி எங்கிருந்தோ எல்லாம் ஆள் வந்து காளிகாட்டில் இறங்குவார்கள். அவர்கள் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது மட்டும் இப்போது தெளிவாகத் தெரிகிறது. அதைப் பார்க்க ஒருத்திதான் இருக்கிறாள், அவள் கையில் நான் மாவு கேனைக் கொடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றை நிச்சயமாக நம்பு. நீ மெட்ராஸுக்குப் போவதென்று முடிவு செய்தால் நான் தடுக்கமாட்டேன். ஹௌரா ஸ்டேஷனுக்கு நானே வந்து உன் பெட்டியை ஏற்றுவேன். வழிக்கு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவிக் கட்டித் தருவேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டேன், அம்மாவையும் வைத்துக்கொள்ள விடமாட்டேன். வங்கிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் கடையைத் திறக்க ஆள் இல்லையே என்று வருத்தப்படமாட்டேன், ஏனென்றால் அதற்கு ஆள் ஏற்பாடாகிவிட்டது. அந்த ஆளுக்கு முழங்கால் வலி உண்டு, கொஞ்சம் வாயும் அதிகம், ஆனால் கடையைத் திறந்துகொண்டிருந்தவரை ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. மாவுக்கு நாலு விரல் இடம் விடத் தெரியும். சொன்னால் செய்வான். யோசிக்கச் சொன்னால் பலகை போடுவான், அதனால் யோசிக்கிற வேலையை மட்டும் அவனிடம் கொடுக்காதே.

நீ இங்கேயே இருப்பதாக இருந்தால், கடை உன்னுடையது. பேச்சுக்காகச் சொல்லவில்லை. கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற நாற்காலி உன்னுடையது, அதில் நீ உட்கார வேண்டும் என்பதுகூட இல்லை. பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் போனாயே, அதுபோல எங்கே வேண்டுமானாலும் போ, யாரை வேண்டுமானாலும் பார். வியாழக்கிழமை மத்தியானம் ஷட்டர் தரையைத் தொடும், யார் தட்டினாலும் திறக்காது. அந்த நேரத்தில் உன்னிடம் யாரும் கடுகு கேட்கக் கூடாது, முக்கியமாக நான். அந்த இரண்டு வருஷத்துக்கு முந்தின கால் மணி நேரத்தையும் அன்றைக்கே எடுத்துக்கொள். வட்டி போட்டு அரை மணியாகக் கேட்டாலும் சரி. நீ என்ன சொல்ல வந்தாய் என்று கேட்க இந்த மூட்டை மேல் உட்கார்ந்திருப்பேன்.

இந்தக் கடிதத்தை உன் பிஸ்கட் டப்பாவிலேயே வைத்துவிடுகிறேன். மேலே இன்றைய தேதித் தாள் இருக்கும். நாளைக் காலைவரை பொறுக்காமல் இப்போதே கிழித்துவிட்டேன், ஆனால் கசக்கவில்லை. பின்பக்கம் உன் மாதிரியே எழுதியிருக்கிறேன், கையெழுத்துத்தான் கோணல். கேட்டவர்: அப்பா. கேட்டது: பகவதி கடையில் வேலை, காலை ஐந்து மணி முதல். பதில் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.